முதல் தரப்பு என்பது

என் கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது முன்னறையில் அவர் வெங்காயத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் தாள் காயல மாமா. அவசரப்பட்டு ஏத்தினா கப்பல்லயே முளைச்சிரும். நான் பிடிவாதம் பிடிக்கிறேன்னு நெனைக்காதீங்க, வீட்டம்மா விடமாட்டா."

அழுதுகொண்டிருந்த என் நாத்தனார் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யாரோ எழுந்துபோய் முன்னறைக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியும் கேட்டது. அவர் எப்போதும் உரக்கப் பேசுகிறவர். அதையும் அது சரியாகக் கற்றுக்கொண்டிருந்தது.

எங்கள் ஒட்டன்சத்திரத்து மார்க்கெட்டுக்குப் பதிலி என்ற பேசும் பெட்டி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். முதலில் பெரிய கடைக்காரர்கள் வாங்கினார்கள். ஒருவர் போனில் பேசுகிற பேச்சையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஓரிரு வருஷத்தில் அவரைப் போலவே பேசத் தொடங்கிவிடும். அவரைப் போலவே இழுப்பது, கோபித்துக்கொள்வது, போனை வைத்துவிடுவதாகப் பயமுறுத்துவது, கடைசியில் இறங்கி வருவது எல்லாம். அது ஒத்துக்கொண்ட விலை அவரே ஒத்துக்கொண்ட விலை என்று சட்டத்தில் திருத்தம் வந்த பிறகு கையில் கொஞ்சம் வசதி உள்ள எல்லோரும் வாங்கினார்கள். மனிதர்கள் தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரியில் படுக்கலாம். வியாபாரம் நிற்காது.

சாகவும் செய்யலாம் என்பதை யாரும் முதலில் யோசிக்கவில்லை. பிறகு யோசித்தபோது அதுவும் வசதியாகத்தான் பட்டது. தக்காளி மண்டி சுப்பையா போய் நாலு வருஷமாகிறது. இன்னும் காலையில் அவர் குரல்தான் ஏலத்தைத் தொடங்கி வைக்கிறது. "சுப்பையா உயிரோட இருந்தப்ப கடனுக்குக் குடுப்பாரு. செத்த பெறகு ரொம்பக் கறார் ஆயிட்டாருப்பா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என் கணவர் தண்டபாணி, சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்தார். வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான். கிள்ளானில் இருக்கிற சிக்கந்தர் ராவுத்தர். பூர்வீகம் பழனிப் பக்கம். இருபது வயதில் மலேசியா போனவர். இருவரும் மாமன் மாப்பிள்ளை என்று அழைத்துக்கொள்வார்கள், அதனால் எனக்கு அவர் அண்ணன். எங்கள் மகள் கோதையின் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் நின்று பரிமாறினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டேன், காலையில் டீ குடித்து முடித்ததும்.

காரியம் முடிந்து உறவுகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் அந்தக் குரல்கள் நிற்கவில்லை. நான் அடுப்படியில் நின்றால் கேட்கும், துணி காயப்போட்டால் கேட்கும்.

"வீட்டம்மாவுக்கு முட்டிவலி மாமா. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்த விலைக்குக் குடுத்தா நான் பஸ்சுலதான் போகணும்."

"உன் பொஞ்சாதி முட்டிய வச்சே என் சொத்தப் பூராம் வாங்கிருவ போலயே மாப்ள."

என் முட்டிக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வருஷமாகிறது. நன்றாகவே நடக்கிறேன். ஆனால் முன்னறையில் எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலியை அவர் தினமும் பேரத்தில் வைத்தார். அவர் இருந்தபோது வியாபாரப் பேச்சென்று நான் காது கொடுத்ததில்லை, இப்படி என்னைப் பற்றிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது யாரோடு போடுவது?

தாங்கமுடியாமல் ஒருநாள் திண்டுக்கல்லுக்குப் போனேன், வக்கீல் ரெஜினாவைப் பார்க்க. என் கணவர் போய்விட்டதால் ஒப்பந்தத்தை முடித்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். ரெஜினா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இந்த முதல் பத்தியை யாராச்சும் படிச்சீங்களாம்மா?"

"கையெழுத்துப் போடும்போது படிக்கல. நேத்துத்தான் படிச்சேன்."

'முதல் தரப்பு என்பது மங்கையர்க்கரசி டிரேடர்ஸ் உரிமையாளர் திருமதி த. மங்கையர்க்கரசியையும், சூழலுக்கு முரண்படாத இடங்களில் அவருடைய வாரிசுகளையும், உரிமை பெற்றவர்களையும், பதிவு பெற்ற பதிலியையும் குறிக்கும்.'

மங்கையர்க்கரசி நான்தான். எங்கள் பக்கம் வியாபாரத்தை மனைவி பெயரில் வைப்பது வழக்கம். ராசி என்பார்கள், வரிக்கு நல்லது என்பார்கள். போர்டில் என் பெயர், சாக்கில் என் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை அவர் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் எனக்கும் வியாபாரத்துக்கும் இருந்த உறவு.

"இதுல அவர் பேரு எங்க?" என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கம் பாருங்க. சாட்சின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. வேற எங்கயும் இல்ல."

"அப்ப அந்தப் பெட்டில பேசறது?"

"நீங்க."

ரெஜினா கொஞ்சம் இரக்கத்தோடுதான் பேசினார். "தரப்புன்னா ஆள் இல்லம்மா. அது ஒரு நாற்காலி. அதுல யாரெல்லாம் உட்காரலாம்னு இந்தப் பத்தி சொல்லுது. உங்க பேர்ல பதிலியப் பதிவு பண்ணிட்டு, அவர் பேசிப் பேசி அதைப் பழக்கியிருக்காரு. எல்லார் வீட்லயும் இப்படித்தான் பண்றாங்க. சட்டப்படி அது உங்க பதிலி. அது சொல்றதெல்லாம் நீங்க சொல்றது. சாட்சி செத்துப் போனா ஒப்பந்தம் எப்படி முடியும்? சட்டப்படி உங்க வீட்ல சாவே விழலம்மா."

"ஒயரப் பிடுங்கிட்டா?"

"ஒப்பந்த முறிவு. அவங்க கேஸ் போட்டா குடோனுக்குப் பூட்டுத் தொங்கும். வெங்காயப் பட்டறையில வேலை பாக்குற பொம்பளைங்க தெருவுல நிப்பாங்க."

"நான் செத்தா நின்னுருமா?"

"அதான் வாரிசுன்னு போட்டிருக்கே. உங்க பொண்ணு அந்த நாற்காலிக்கு வந்துருவாங்க. அதுக்கப்புறம் இதே குரல் அவங்க குரல். அவங்களுக்குப் பின்னாடி பேரப்பிள்ளை."

என் பேரனுக்கு அப்போது பால் பல் விழுந்துகொண்டிருந்தது. அவன் தலைமுறைக்கும் இந்தக் குரல் என் முட்டிவலியைச் சொல்லி விலை கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. பயம்கூட இல்லை. அலுப்புதான்.

"வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. ரெண்டு தரப்பும் ஒரே பேச்சுல, 'இத்தோட முடிஞ்சது'ன்னு சொல்லணும். உங்க பக்கத்துல பதிலி சொன்னா செல்லாது, அத முடிக்கச் சொல்லி யாரும் பழக்கல. நீங்களே உட்காருங்க. நீங்க பெட்டி மேல கைய வச்சாப் போதும், பதிலி அடங்கிரும். ஒரு தரப்புக்கு ஒரு நேரத்துல ஒரு வாய்தான்."

கோதை பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை பேசுவாள். என்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, "போனை முன்ரூம்ல கொண்டுபோய் வைம்மா" என்பாள். வைப்பேன். அவள் அப்பா பேரம் பேசுவதை அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த விஷயத்தைச் சொன்னபோது கத்தினாள்.

"அப்பா குரலை நிறுத்தப் போறியா? உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

"அது உங்கப்பா குரல் இல்லடி. சட்டத்துல அது நான். நாளைக்கு நீ."

"ஆகட்டுமே. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துப்ப? கேட்டுட்டு உக்காந்திருப்ப. நான் அப்படித்தான் உக்காந்திருக்கேன். ஒரு நாளாச்சும் நான் முழுசா அழுதிருக்கேனா? அழ ஆரம்பிச்சா அந்தப் பக்கம் சிரிக்கிறாரு."

பிறகு, "உன் இஷ்டம்" என்றாள். கோபமாகச் சொன்னாளா, சரி என்று சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிக்கந்தர் அண்ணனிடம் நேராகப் பேசிச் சம்மதம் வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்த வீட்டு நம்பருக்குப் போட்டேன். அவர் மகன் நிஜாம் எடுத்தான். கோதை கல்யாணத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன். குரல் முற்றியிருந்தது.

"அத்தையா! எப்படி இருக்கீங்க அத்த? மாமா சௌக்கியமா?"

"மாமா இல்லப்பா. போன கார்த்திகையில தவறிட்டாரு."

அவன் இன்னா லில்லாஹி என்று முணுமுணுத்தான். "எங்களுக்குத் தெரியவே தெரியாதே அத்த. யாரும் சொல்லலியே."

"சரக்கு ஏத்தறவங்க யாராச்சும் அண்ணனுக்குச் சொல்லியிருப்பாங்க, அண்ணன் உனக்குச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். அண்ணன்கிட்ட குடுப்பா."

மறுபக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணனைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"அத்த, எங்கத்தா மௌத்தாகி ஆறு வருஷமாச்சு."

முன்னறையிலிருந்து சிக்கந்தர் அண்ணனின் சிரிப்பு கேட்டது, ஏதோ மழையைப் பற்றி.

"மாமாவுக்குத் தெரியும் அத்த. மய்யித்து எடுத்த அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேன். அழுதாரு. மறுநாள் அவரே கூப்பிட்டு, 'நிஜாமு, எனக்காக ஒண்ணு செய்டா, அத்தாவோட பெட்டிய நிறுத்திராத, நான் பேசிக்கறேன்'னாரு. எங்களுக்கு இந்த யாவாரமே வேண்டாம், நான் வேற தொழில்ல இருக்கேன். மாமா கேட்டாருன்னுதான் விட்டு வச்சிருக்கோம், சரக்கு எறக்கி விக்கறத ஆளுக பாத்துக்கறாங்க. அந்த ரூமுக்கு நாங்க யாரும் போறதில்ல."

ஆறு வருஷம். ஒவ்வொரு காலையும் டீ குடித்துவிட்டு என் கணவர் ஒரு இறந்த மனிதரோடு பேரம் பேசியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருநாளுக்கு 'அண்ணனுக்கு வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க' என்பேன். "சொல்லிட்டேன்" என்பார்.

"அப்ப நீயே முடிச்சுக் குடுத்துரு நிஜாம். நீ வாரிசு. உன் வார்த்தை செல்லும்."

"என்னால முடியாது அத்த. எங்கத்தாவ நிறுத்துற வார்த்தைய என் வாயால எப்படிச் சொல்லுவேன்? எங்க பக்கத்துப் பதிலிக்கு முடிக்கிற அதிகாரமும் இருக்கு, அத்தா அப்படித்தான் எழுதி வச்சிருக்காரு. நீங்க அவர்கிட்டயே கேளுங்க."

மறுநாள் காலை மேலுக்குக் குளித்து, டீ போட்டுக் குடித்துவிட்டு, முன்னறைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு முன் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் "அந்த விலைக்கு நீங்க பெரிய வெங்காயம் பெல்லாரியத்தான் வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி மேல் கையை வைத்தேன். பாதியில் நின்றது.

"அண்ணே, நான் மங்கை பேசறேன்."

"தங்கச்சியா?" அந்தக் குரலில் ஆச்சரியம் இருந்தது. "என்னம்மா, அதிசயமா இருக்கு. முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி நல்லா இருக்கண்ணே." இதை எப்படிச் சொல்வது, சொன்னால் அது என்ன செய்யும் என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அவரு போயிட்டாருண்ணே."

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா? யார் சொன்னா? நிஜாமா?"

"நிஜாமு இந்தப் பக்கம் எங்க வர்றான்? மூட்டை சொல்லுச்சு. மாப்ள எப்பவும் பேசின கணக்குக்கு மேல ரெண்டு மூணு மூட்டை கொசுறு ஏத்தி விடுவான். அதப் பத்தி போன்ல ஒரு வார்த்தை பேசமாட்டான், நானும் கேக்கமாட்டேன். லோடு ஏத்துற எடத்துல நின்னு கையாலயே ஜாடை காட்டுவானாம். பேசாத விஷயம் பதிலிக்கு எப்படித் தெரியும்? கார்த்திகைக் கடைசியில இருந்து வர்ற கண்டெய்னர்ல எல்லாம் எண்ணி வச்ச மாதிரி இருக்கு. எறக்கற பயலுக சீட்டு அனுப்புவானுக, பாப்பேன். ஒண்ணு பாத்தேன், ரெண்டு பாத்தேன். மூணாவதுக்கு மேல என்ன பாக்க?"

கொசுறு போடுவது எனக்கும் தெரியாது. சுமை ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

"தெரிஞ்சும் ஏன்ணே பேசிட்டே இருந்தீங்க?"

"மாப்ளகிட்ட போயி, நீ செத்துட்டடான்னு சொல்லச் சொல்றியா? அவன் என்கிட்ட சொல்லலியேம்மா."

என் கை பெட்டி மேலேயே இருந்தது.

"உங்களுக்கு... உங்களப் பத்தி..."

"ஒருத்தருக்குத் தன் சேதி கடைசியாத்தான் வரும்போல" என்று சிரித்தார். அதே சிரிப்பு. "முன்னெல்லாம் தெனம் கேப்பான். சுகர் எவ்வளவு இருக்கு மாமா, மாத்திரை போட்டீங்களா மாமா, காலு வீக்கம் வத்துச்சான்னு. யாவாரம் பேசறதுக்கு முன்னாடி அதான் முதல் பேச்சு. ஒருநாள் கேக்கல. மறுநாளும் கேக்கல. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. வெலைய மட்டும் பேசறான், மழைய பேசறான், உன் முட்டிய பேசறான். என் உடம்ப மட்டும் சுத்திப் போறான். நான் புரிஞ்சுக்கிட்டேன்."

அது புரிந்துதான் சொன்னதா, புரிந்ததுபோல் சொல்லப் பழகியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. ரெஜினாவிடம் பிறகு கேட்டேன். "சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படலம்மா" என்றார். என் கணவருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"நான் முடிச்சிரலாம்னு வந்தேண்ணே" என்றேன். "என்னால கேக்க முடியல. எனக்கப்புறம் கோதை தலையில விழும்."

"முடிச்சிரலாம்மா. எனக்கும் ரொம்ப நாளா ஓஞ்சு உக்காந்தாத் தேவலன்னு இருக்கு. நானா எப்படிச் சொல்றது? அவன் ஆசப்பட்டு வச்ச ஆளு நான்." பிறகு தயங்கிச் சொன்னார்: "கைய ஒரு நிமிஷம் எடேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை."

எடுத்தேன்.

என் கணவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "பெல்லாரிதான் வாங்கணும், ஆமா. சின்ன வெங்காயம்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"இருக்கு மாப்ள. இன்னிக்கு நீயே ஒரு வெல சொல்லு. அப்படியே ஒத்துக்கறேன்."

"என்ன மாமா, வெளையாடறீங்களா?"

"நெசமாத்தான். சொல்லு."

என் கணவர் தடுமாறினார். நாற்பது வருஷக் குடும்பத்தில் நான் கேட்டிராத தடுமாற்றம். "அதெப்படி? நீங்க கொறச்சுக் கேளுங்க மாமா. அப்பத்தான நான் ஏத்த முடியும். நீங்க கேட்டாத்தான எனக்குப் பேச்சு வரும்."

"சரி, அடிமாட்டு வெலைக்குக் கேக்கறேன்."

"ஐயையோ, வீட்டம்மா என்னக் கொன்னே போட்ருவா!" என்று உற்சாகமாகக் கத்தினார். இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் கையை வைத்துவிட்டேன். அடங்கிய பிறகு என்றால் என்னால் முடிந்திருக்காது.

"முதல் தரப்பு மங்கையர்க்கரசி. இத்தோட முடிஞ்சது" என்றேன்.

"ரெண்டாம் தரப்பு சிக்கந்தர். இத்தோட முடிஞ்சது" என்றார் அண்ணன். "நல்லா இரும்மா."

பெட்டியில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம் முன்னறைக்குள் கேட்டது. இந்த அறையில் தெருச்சத்தம் கேட்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

நாற்காலியிலிருந்து எழுந்து நேராகக் கொல்லைப்புறம் போனேன். பங்காளி, உறவுமுறை சாவுச்சேதி எத்தனை வருஷம் பிந்தி வந்தாலும், கேட்ட மாத்திரத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். நிஜாம் சொல்லி ஒரு பகல், ஒரு இரவு போயிருந்தது. நான் ஊற்றிக்கொள்ளவில்லை. முன்னறையில் சிரித்துக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தலைமுழுகுவது?

தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருந்தது. கட்டியிருந்த சேலையோடு குடம் குடமாக ஊற்றிக்கொண்டேன். நடுவில் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை.

பட்டறைக்கு வெங்காயம் ஆய வந்த பழனியம்மாள், ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, தலைக்கு ஊத்தியிருக்கீங்க? யாரு?"

"எங்கண்ணன். கிள்ளான்ல இருந்தாருல்ல."

"ஐயோ. எப்பம்மா?"

"இப்பத்தான்" என்றேன்.